குழப்படிக்காரக் குட்டிக்கு நத்தார்ப் பரிசு: கொழும்பில் தேடி வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன டிசம்பரில் என் தங்கையின் வெள்ளவத்தை வீட்டில் ஒரு வயதும் எட்டு மாதமும் ஆன பிள்ளைக்குப் பதினொரு பரிசுகள் வந்து சேர்ந்தன. கண் சிமிட்டும் ரயில், பாட்டுப் பாடும் கார், ஆங்கில எழுத்துச் சொல்லும் நாய்க்குட்டி, இன்னும் என்னென்னவோ. நத்தாருக்கு மறுநாள் நான் போனபோது அவன் அத்தனையையும் விட்டுவிட்டு, குசினியில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து, வாசல் வரை தள்ளிக்கொண்டு போய், திருப்பி, மறுபடி தள்ளிக்கொண்டு வந்தான். கீழ் வீட்டு அன்ரி அதற்குள் இரண்டு தரம் ஏறிவந்து கதவைத் தட்டிவிட்டார். "இவனோடு ஒரே கரைச்சல்" என்றாள் தங்கை.

எனக்கு அந்தக் கதிரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தள்ளுவதற்கு ஒரு சாமான் வேண்டும் என்று அவன் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். பதினொரு பெரியவர்களில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. அந்தப் பாட்டுக் கார் நான் வாங்கியது.

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை உங்கள் சொந்தத்திலும் இருந்தால், கடைக்குப் போக முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். ஓடுவதும் ஏறுவதும் அந்த வயதின் வேலை. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்று இருக்கிறது. மூன்று மணித்தியாலம்! தொடர்மாடி வீட்டின் ஒரு ஹோலுக்குள் அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் நீங்கள் வாங்கப்போகும் பரிசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதல் படி: ஒரு பின்னேரம் சும்மா இருந்து பாருங்கள்

கடைக்குப் போக ஒரு கிழமை முன்பு பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருங்கள். விளையாட்டுக் காட்ட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். அவன் செய்வதையெல்லாம் வினைச்சொல்லாக மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நவம்பரில் என் குறிப்பு இப்படி இருந்தது. நாலரை மணி: சப்பாத்து அலுமாரியைத் திறந்தான், சப்பாத்துகளை ஒவ்வொன்றாக எறிந்தான். காலியான தட்டில் ஏறி நின்றான். இறங்கினான். திரும்ப ஏறினான் (ஏழு தரம் எண்ணினேன்). அம்மம்மாவின் தும்புத்தடியை இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர்ப் போத்தலை நிலத்தில் ஊற்றினான். அடி வாங்காமல் தப்பி, சோபாவின் மேல் ஏறினான். குதித்தான்.

ஒரு மணித்தியாலத்தில் ஆறேழு வினைகள். அதிகமாக வந்தது ஏறுதல், அதற்கடுத்தது எறிதல். போன வருடத்துத் 'தள்ளுதல்' கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இதனால்தான் போன வருடக் கணக்கை வைத்து இந்த வருடம் வாங்கக்கூடாது. இந்த வயதில் ஆறு மாதம் என்பது ஒரு யுகம்.

இரண்டாம் படி: வினைக்கு ஏற்ற சாமானைத் தெரிவு செய்யுங்கள்

தள்ளுகிற, இழுக்கிற பிள்ளைக்கு நடைவண்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. நடக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு வயது தாண்டும் வரை ஓடும். ஆனால் கடையில் இருக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டி இல்லை. கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள்: முன் சில்லு மேலே கிளம்பினால், பிள்ளை பிடித்து எழும்பும்போது வண்டி அவன் மேலேயே சாயும். பெட்டி வைத்த வண்டியென்றால் தொடக்கத்தில் இரண்டு கிலோ அரிசிப் பக்கற்றை உள்ளே வைத்துவிடலாம். பாரம் இருந்தால் விசுக்கென்று ஓடாது.

ஏறுகிற பிள்ளைதான் பெரியவர்களை அதிகம் பயமுறுத்துவது. "ஏறாதே" என்று சொல்லிப் பலனில்லை. ஏற ஒரு இடம் கொடுத்தால் யன்னலையும் அலுமாரியையும் கொஞ்சமாவது விட்டுவைப்பான். வெளிநாட்டில் விற்கும் ஸ்பொஞ்சுப் படிக்கட்டுகள் இங்கே இறக்குமதி விலைக்குக் கை சுடும். நான் செய்தது வேறு வழி. சோபாவுக்கு உறை போடும் குஷன்காரரிடம் போய், கட்டியான ஸ்பொஞ்சில் இரண்டு படியும் ஒரு சரிவும் வெட்டி, துடைக்கக்கூடிய ரெக்சின் உறை போட்டுத் தரச் சொன்னேன். படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சிப் உறைக்கு உள்ளே மடிந்து இருக்கட்டும். வெளியே தொங்கினால் அதை இழுத்துத் திறந்து ஸ்பொஞ்சைக் கடிப்பதுதான் முதல் விளையாட்டாகிவிடும்.

எறிகிறவனுக்குப் பந்து. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது: வீட்டுக்குள் எறியத் துணிப்பந்து, வெளியே உதைக்க 15 முதல் 20 செ.மீ. வரையான ரப்பர் பந்து, இரண்டும் வேறு வேறு. இரண்டு வயதளவில் அனேகமான பிள்ளைகள் பந்தை உதைக்கத் தொடங்குவார்கள். பிடிக்கப் பழகுகிற பிள்ளைக்குக் கடற்கரைப் பந்தில் முக்கால்வாசி மட்டும் காற்றடித்துக் கொடுங்கள். விரல்கள் பதியும், வழுக்காது.

ஊற்றுகிற, நிரப்புகிற பிள்ளைக்குப் பெரிய செலவே தேவையில்லை. வெவ்வேறு அளவில் நாலு கோப்பை, ஒரு புனல், ஒரு சின்ன வாளி, வழுவழுப்பாகத் தேய்த்த இரண்டு சிரட்டை, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் அடுக்கி ரிப்பன் கட்டினால் பரிசு. அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்தை மட்டும் தவிருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அதன் வயிற்றுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், கழுவ வழியில்லை.

ஓட்டுகிற பிள்ளைக்கு வரும்போது வயதைப் பார்க்க வேண்டும். காலால் நிலத்தை உதைத்துப் போகும் சின்னக் கார் ஒன்றரை வயதளவிலேயே சரி. பெடல் மிதிக்கும் முச்சக்கர சைக்கிள் மூன்றை நெருங்கும்போதுதான் அனேகமானவர்களுக்குப் பிடிபடும். அதற்கு முன் வாங்கினால் அம்மா குனிந்து குனிந்து தள்ளுவதுதான் மிச்சம். பெடல் இல்லாத இருசில்லு சைக்கிளை இரண்டு வயதுக்குப் பிறகு யோசிக்கலாம். ஆனால் அளக்காமல் வாங்கவே கூடாது. பிள்ளையைச் செருப்போடு சுவரில் சாய்த்து நிறுத்தி, கால்களுக்கிடையே ஒரு கொப்பியை மெதுவாக மேலே முட்டும் வரை உயர்த்துங்கள். கொப்பியின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை நாடா பிடித்தால் வருவதுதான் கால் உயரம். சீற்றை ஆகக் கீழே இறக்கிய நிலையில் அது இந்த அளவைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். என் மருமகனுக்கு இதை அளக்க மூன்று பேர் தேவைப்பட்டோம்: ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் முன்னால் நின்று பிஸ்கட் காட்ட. எந்தச் சைக்கிளோடும் தலைக்கவசம் சேர்ந்தே வரட்டும்.

தட்டுகிறவனுக்குச் சின்னப் பறை அல்லது மரத்தாளம். தகர்க்கிறவனுக்குக் கட்டைகள்; நீங்கள் அடுக்குவீர்கள், அவன் விழுத்துவான், அதுதான் விளையாட்டு. அவனையே அடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் பிள்ளையை வினையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, நடந்து வருவது என்று பருவம் பருவமாகப் போய், ஆண்பிள்ளைக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைப்பதும் சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதும். தகர்க்க, தட்ட, உருட்ட. பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும்: எறிந்து பிடிக்க, ஆட. பொம்மைக் கடை விளம்பரம் எதிலும் இவ்வளவு நல்ல பட்டியலை நான் பார்த்ததில்லை. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: தேரை மகளுக்கும் ஊஞ்சலை மகனுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: வீட்டை அளவெடுங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் நிறையப் பேர் தொடர்மாடியில்தான் இருக்கிறோம். அதனால் இடத்துக்கு முதல் கேட்க வேண்டியது பல்கனி. ஏறி நிற்கக்கூடிய எதுவும், அதாவது கார், படி, பெட்டி, குட்டிக் கதிரை, பல்கனியில் ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது. தள்ளத் தெரிந்த பிள்ளைக்குக் காரை மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தி அதன்மேல் ஏறவும் தெரியும். உள்ளே வைக்க இடமில்லை, பல்கனியில்தான் வைக்கலாம் என்றால் அந்தப் பரிசை மறந்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

காலி வீதிக்குக் கடல் பக்கம் வீடு என்றால் இரும்புச் சாமான் வேண்டாம். உப்புக்காற்றில் முச்சக்கர சைக்கிளின் ஆணிகள் சீக்கிரமே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். மரம், நல்ல பிளாஸ்டிக், அலுமினியம் தாங்கும்.

தண்ணீர் விளையாட்டுச் சாமான் கொடுத்தால் ஒரு பொறுப்பும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். வாளியிலும் பேசினிலும் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். விளையாடி முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்து வைக்கும்படி சொல்லிவிடுங்கள்.

கீழ் வீட்டுக்காரரையும் நினையுங்கள். மாபிள் நிலத்தில் மரச்சில்லு உருளும் சத்தம் மேலே இருப்பவருக்குக் கேட்பதைவிடக் கீழே இருப்பவருக்குத்தான் அதிகம் கேட்கும். ரப்பர் சுற்றிய சில்லு, கீழே விரிக்க ஒரு தடித்த பாய். சண்டை மிச்சம்.

நாலாம் படி: தாயிடம் கேளுங்கள்

பிள்ளைக்கு ஆச்சரியம் கொடுக்கலாம், தாய்க்குக் கொடுக்கக்கூடாது. என்ன வாங்கப் போகிறீர்கள், எவ்வளவு பெரியது, சத்தம் போடுமா என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அம்மம்மாவும் அதே சாமானை வாங்கிவிட்டாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கொழும்பில் எங்கே தேடுவது

புறக்கோட்டைதான் மலிவு. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிரதான வீதியையும் குறுக்குத் தெருக்களையும் சுற்றி வந்தால் விளையாட்டுச் சாமான் கண்ணில் படாமல் இருக்காது. வழி தவறினால் இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலைக் கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு பின்னேரத்தில் போனால் சாமானைத் திருப்பிப் பார்க்கவே இடமிருக்காது. வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பந்து, வாளி, கோப்பை, கட்டை போன்ற பற்றரி இல்லாத சாமானுக்குப் புறக்கோட்டை போதும். பற்றரி உள்ளதையும் ஏறி ஓட்டுவதையும் பெட்டியைத் திறந்து காட்டி, பில் போட்டு, மாற்றித் தருகிற கடையில் வாங்குவதே நல்லது. விலை கூடத்தான். ஆனால் சில்லு உடைந்தால் போய்க் கேட்க ஒரு ஆள் இருப்பார்.

துணிப் பொம்மைக்குக் காலி வீதியில் பெயார்ஃபுட் கடை இருக்கிறது. கைத்தறித் துணியில் செய்கிறார்கள், நிறங்கள் அவ்வளவு வடிவு. வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் நல்லது.

மரச்சாமானுக்கு மொறட்டுவை. தச்சு வேலைக்குப் பேர்போன இடம். நடைவண்டியைச் செய்வித்தே எடுக்கலாம், ஆனால் நத்தாருக்கு மூன்று கிழமைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மூலைகளை உருட்டச் சொல்லுங்கள், ஆணித்தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்கட்டும், பெயின்ற் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாயில் வைத்துச் சப்பப்போகிற சாமானுக்கு வெறும் மரமே அழகு.

ஆறாம் படி: கடையிலேயே சோதித்துவிடுங்கள்

கைப்பையில் இரண்டு சாமான் போட்டுக்கொண்டு போங்கள்: கழிவறைப் பேப்பர் சுற்றியிருந்த வெற்று அட்டைக்குழல் ஒன்று, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்று. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களின் சாமானைச் சோதிக்கும் நியமக் குழல் 31.7 மி.மீ. அகலம், அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கலாம். உங்கள் அட்டைக்குழல் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் இன்னும் பாதுகாப்பு. சாமானையும், அதிலிருந்து இழுத்தால் கழன்று வரக்கூடிய கண், மூக்கு, பொத்தான், சில்லு மூடியையும் இந்தக் குழலோடு ஒப்பிடுங்கள். பயப்படாமல் பலமாக இழுத்துப் பாருங்கள். பிள்ளை உங்களைவிடப் பலமாக இழுப்பான்.

பற்றரி மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்க வேண்டும். நான் வாங்கிய பாட்டுக் காரில் வெறும் கொக்கிதான் இருந்தது. முதல் நாள், முதல் எறிதலிலேயே மூடி ஒரு பக்கம், வட்டப் பற்றரி மூன்றும் இன்னொரு பக்கம். தங்கை முழங்காலில் நின்று சோபாவுக்குக் கீழே துளாவி இரண்டை எடுத்துவிட்டாள். மூன்றாவது அவன் கைக்குள் இருந்தது. அந்த நாணயப் பற்றரிகளில் ஆகவும் பயப்பட வேண்டியது 2032 என்று பொறித்தது; 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிப்பு என்பதுதான் அந்த இலக்கம். அந்த அகலம் சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு. சிக்கினால் எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதையைக் கடுமையாக எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுங்கள், அல்லது 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 'காலை வரை பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது.

காந்தமும் அப்படித்தான். பலமான சின்னக் காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து நடுவில் துளை போட்டுவிடும்.

மற்றவை வேகமாக: கழுத்தில் சுற்றக்கூடிய கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள். பெயின்ற் மணம் மூக்கில் ஏறினால், நகத்தால் சுரண்ட உரிந்து வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பாட்டுப் பாடுவதை உங்கள் காதோடு வைத்துக் கேளுங்கள். உங்களுக்கே குத்தினால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பெட்டியில் 0-3 என்று எழுதி, அழுகிற முகத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது ஆகாது என்று அர்த்தம். "எங்கட பிள்ளை நல்ல கெட்டிக்காரன்" என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். தொண்டையின் அகலத்துக்கும் கெட்டித்தனத்துக்கும் சம்பந்தமில்லை.

வாங்கவே கூடாதவை சில

நடுவில் இருத்தி, கீழே சில்லு பூட்டிய வட்ட வாக்கர். எங்கள் வீடுகளில் முதல் பிறந்தநாளுக்கு முன்பே யாரோ ஒருவர் இதைக் கொண்டுவந்துவிடுவார். இதில் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்பது வெறும் நம்பிக்கை. படியில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள்தான் அதிகம். கனடா 2004இலேயே இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது. ரொறன்ரோ சித்தப்பா அங்கே வாங்க நினைத்தாலும் கிடைக்காத சாமானை நாங்கள் இங்கே ரிப்பன் கட்டிக் கொடுக்கிறோம். பிள்ளை பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு, இது வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெலி மணிகளும் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள்ளும் அதே மாதிரி ஊதும். துள்ளும் டிரம்போலினை ஆறு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்பது அமெரிக்க எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. டப்லெற் பற்றி நான் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும், முன்பு சொன்ன அதே 2019 வழிகாட்டல் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு

டிசம்பரில் வந்து இறங்குபவர்களின் சூட்கேஸில் பாதி விளையாட்டுச் சாமான்தான். வாங்க முன் வினைப்பட்டியலை அவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கனடாவிலிருந்து வரும் சார்ஜ் பண்ணும் காரில் ஒரு கவனம்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் செருகினால், புகையோடு பரிசு முடிந்துவிடும்.

கடைசிப் படி: கொடுக்கும் விதம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்க விடாதீர்கள். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 36 பிள்ளைகளை ஒருதரம் நாலு சாமானோடும் இன்னொரு தரம் பதினாறு சாமானோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலே நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். ஆய்வு 2018இல் வெளிவந்தது. எங்கள் வீட்டில் நத்தாருக்கு இரண்டு, புதுவருடத்துக்கு ஒன்று, தைப்பொங்கலுக்கு ஒன்று என்று தங்கை பிரித்து அலுமாரி மேல் தட்டில் பூட்டி வைக்கிறாள்.

பூட்ட வேண்டியதை முதல் நாள் இரவே பூட்டி, பற்றரி போட்டு, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பொலித்தீன், கம்பிக்கட்டு, லேபல், உடைந்த பலூன் துண்டு எல்லாவற்றையும் உடனே குப்பைக்கு அனுப்புங்கள்.

சாமானே வேண்டாம், ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கிறேன் என்றால் அதுவும் பரிசுதான். ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏற முன், ஒரு பந்தோடு காலிமுகத்திடல் அல்லது விகாரமகாதேவி பூங்கா. தாய் தகப்பன் அந்த இரண்டு மணித்தியாலமும் நித்திரை கொள்ளட்டும். ஒரு துண்டில் 'நாலு ஞாயிறு' என்று எழுதி உறையில் போட்டுக் கொடுங்கள். என் தங்கை போன வருடப் பரிசு அத்தனைக்கும் பதிலாக அப்படி ஒரு உறையைத்தான் கேட்டிருப்பாள்.

இந்த வருடம் என் முறைக்கு ஸ்பொஞ்சுப் படி வந்துவிட்டது, என் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். மொறட்டுவையில் ஒரு நடைவண்டியும் சொல்லியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை எடுக்க வேண்டும். அது மருமகனுக்கு இல்லை. கீழ் வீட்டு அன்ரியின் பேத்திக்கு இப்போது பதின்மூன்று மாதம், நடக்கத் தொடங்கிவிட்டாளாம். சில்லுக்கு ரப்பர் சுற்றத்தான் சொன்னேன். அவர்களுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்கிறது.